கொடை, உரிமை, உத்தியோகம்: காரைதீவு – கல்முனைக் கரையில் சமூக சேவைகளும் தொழில் வாய்ப்பும்

காரைதீவிலுள்ள பெண்கள் பாடசாலை ஒன்றின் பெயரில் 'இ.கி.ச.' என்னும் எழுத்துக்கள் நிலைத்துள்ளன. இவை இராமகிருஷ்ண சங்கத்தைக் குறிப்பன. ஆயின் இன்று அப்பாடசாலையை நடத்துவது சங்கமன்று, அரசாகும். ஆசிரியர்க்கு ஊதியம் வழங்குவதும் மாணவர்க்குப் பாடநூலும் சீருடைத் துணியும் அளிப்பதும் அரசே. தனியார் அமைப்பொன்றின் பெயரைத் தாங்கிப் பொதுச் சொத்தாக இயங்கும் இப்பாடசாலை, சமூக சேவைகளின் வரலாற்றிலே நிகழ்ந்த பெரும் மாற்றமொன்றின் அடையாளமாகும்.

2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்தியதன் பின்னர், கல்வி, சுகாதாரம் முதலிய சேவைகளை அரசு தொடர்ந்தும் சுமத்தல் இயலுமா, தொழில் வாய்ப்பை உருவாக்கும் பொறுப்பைத் தனியாரிடம் விட்டுவிடலாகாதா என்னும் வினாக்கள் மீண்டும் வலுப்பெற்றுள்ளன. இவ்வினாக்கள் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்காகவே நோக்கப்படுகின்றன. இவற்றை ஒரு சிறு பிரதேசத்தின் சமூக வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொடையாக வந்த கல்வி

கிழக்கிலங்கைக் கரையோரத்தில் நவீன கல்வியைப் பரப்புவதில் முன்னின்றோர் கிறித்தவ மிஷனரிமாராவர். 1892இல் காரைதீவிலே பிறந்த மயில்வாகனன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் கத்தோலிக்கரின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற அவர், 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் மட்டக்களப்புப் பகுதிப் பாடசாலைகளை அவர் நெறிப்படுத்தினார். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது.

இம்முயற்சிகளின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடல் வரலாற்றுக்கு மாறாகும். ஆயினும் அவற்றின் எல்லைகளும் நோக்கத்தக்கன. முதலாவதாக, இப்பாடசாலைகள் முற்றிலும் தனியார் முயற்சிகளல்ல. அரச மானியம் பெற்று இயங்கிய 'உதவி நன்கொடைப் பாடசாலைகள்' ஆகும். பணத்தின் பெரும்பகுதி பொதுமக்களுடையது, அதிகாரம் முகாமையாளருடையது. ஆசிரியரை நியமிப்பதும் இடமாற்றுவதும் விலக்குவதும் அவர் கையிலேயே இருந்தன. இரண்டாவதாக, ஒரு சமூகத்துக்குக் கல்வி கிட்டுவது அச்சமூகத்தில் செல்வமும் அமைப்பும் கொண்ட ஒரு சபை உண்டா என்பதிலேயே தங்கியிருந்தது. மதமாற்ற அச்சத்தால் மிஷன் பாடசாலைகளை விட்டு ஒதுங்கிய கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய முஸ்லிம் ஊர்களின் உழவரும் மீனவரும் நெசவாளரும் நெடுங்காலம் ஆங்கிலக் கல்விக்குப் புறத்தே நின்றமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும். கொடை எத்துணை உயர்ந்ததாயினும் கொடுப்போன் உள்ள இடத்துக்கே அது செல்லும்.

2. உரிமையாகிய கல்வி

சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பாடசாலைகளின் முகாமையையும் சொத்துக்களையும் அரசிடம் ஒப்படைத்தன. அப்போது கல்வி அமைச்சராயிருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். நாடெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் இவ்வாறு கைமாறின. கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தனர். தமது சமூகத்தார் கட்டியெழுப்பியவை பறிபோகின்றன என்னும் வேதனை இந்துக்களிடையேயும் இருந்தது.

அவ்வேதனை பொருளற்றதன்று. ஏனெனில் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற அரசு வர்க்கச் சார்பும் இனச் சார்பும் அற்ற நடுநிலை நிறுவனமாக இருக்கவில்லை. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தால் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய அதே அரசுதான் தமிழ் வழிக் கல்வியையும் நடத்தியது. படிப்பை உரிமையாக்கிய கை, படித்தவனின் உத்தியோகத்துக்குத் தடையும் இட்டது. எனினும் ஓர் அடிப்படை வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். முகாமையாளரிடம் நன்றியுணர்வோடு வேண்டிநின்ற பெற்றோர், அரசிடம் உரிமையோடு கேட்கத் தொடங்கினர். கொடையாளியை எதிர்த்து மறியல் செய்தல் அரிது. தம் வரிப்பணத்தில் இயங்கும் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லையென்று வீதிக்கு வருதல் இயல்பான அரசியற் செயலாகும்.

3. ஆசிரியத் தொழிலும் இலக்கியமும்

சமூக சேவையின் விரிவு தன்னளவிலேயே தொழில் வாய்ப்பின் விரிவுமாகும். பாடசாலை பெருக ஆசிரியர் பெருகினர். அட்டாளைச்சேனை முஸ்லிம் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையினூடாக, நிலமற்ற குடும்பத்துப் பிள்ளைகளும் மாதச் சம்பளம் பெறும் நிலையை எய்தினர். இதன் பண்பாட்டு விளைவு இலக்கிய மாணவர்க்குச் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கல்முனைப் பிரதேசத்தின் நவீன இலக்கியத்தை வளர்த்த நீலாவணன், மருதூர்க்கொத்தன், எம்.ஏ. நுஃமான் ஆகியோர் ஆசிரியராகப் பணிபுரிந்தவர்கள். போடியாரின் தயவிலோ ஆதீனத்தின் ஆதரவிலோ தங்கியிராது எழுதக்கூடிய ஒரு புதிய மத்தியதர வர்க்கம், அரசின் சம்பளப் பட்டியலிலிருந்தே தோன்றிற்று. அறுபதுகளின் தமிழ், முஸ்லிம் எழுத்தாளர்கள் ஒரே மேடையில் நின்றமைக்கு இப்பொது வாழ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

4. உற்பத்தியின்றி உத்தியோகம்

இங்ஙனம் பிறந்த நன்மையினுள்ளேயே ஒரு முரண்பாடும் அடங்கியிருந்தது. பாடசாலை உத்தியோகம் தேடுவோரை ஆண்டுதோறும் உருவாக்கிற்று. அவர்களை ஏற்கும் உற்பத்தித்துறை அதே வேகத்தில் வளரவில்லை. டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, 1971இல் இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தபோது, கல்வி தூண்டிய எதிர்பார்ப்புக்கும் கிடைத்த தொழிலுக்குமிடையிலான பொருத்தமின்மையையே சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு ஏப்பிரலில் படித்த கிராமப்புற இளைஞர் தெற்கிலே ஆயுதமேந்தினர்.

கிழக்கின் இரு உற்பத்தித் துறைகளை நோக்குவோம். 1949இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை நாட்டின் மிகப்பெரிய அரச முதலீடுகளுள் ஒன்றாகும். அது நெற்காணியைப் பெருக்கிற்று. ஆனால் மேட்டுப்புறக் குடியேற்றங்களின் மூலம் பிரதேசத்தின் இன விகிதத்தையும் மாற்றிற்று. கரையோரத்திலோ போடியார் – வயற்காரன் உறவு பெரிதும் அவ்வாறே எஞ்சியது. இத்திட்டத்தோடு வளர்ந்த ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை 1997இல் மூடப்பட்டது. அரசும் தனியாரும் பங்காளிகளான கம்பனியொன்றின் மூலம் அதற்கு மீண்டும் உயிரூட்டப் பத்தாண்டுகளுக்கு மேற்பட்டன.

மருதமுனையின் கைத்தறி வேறொரு பாடத்தைத் தருகின்றது. அது தனியார் முயற்சி. குடும்ப உழைப்பில் தழைத்தது. 1970 – 77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அதற்குச் சந்தையை அளித்தன. 1977இன் திறந்த பொருளாதாரம் வெளிநாட்டுத் துணியைக் கொண்டுவந்து பல தறிகளை ஓயச் செய்தது. நெசவாளனின் ஊக்கம் ஓராண்டிலே குன்றிவிடவில்லை. அரச கொள்கையே மாறிற்று. தனியார் முயற்சி அரசினின்றும் தனித்து இயங்குவதென்னும் கூற்று எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இது சான்றாகும். அக்காலந்தொட்டு மத்திய கிழக்கு நாடுகளே இக்கரையின் பெரிய தொழில்கொள்வோராயின. தாய்மார் பலர் அங்கு வீட்டுப் பணிப்பெண்களாயினர்.

5. கொடையின் மீள்வருகை

2004 டிசம்பர் 26இல் ஏற்பட்ட கடற்கோளில் இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரைதீவும் சாய்ந்தமருதும் கல்முனையும் மருதமுனையும் ஒரே அலையால் அழிந்தன. வெளிநாட்டு அரசசார்பற்ற நிறுவனங்கள் வீடும் வள்ளமும் வேலையும் தந்தன. அவ்வுதவியின்றிப் பலர் பிழைத்திரார். ஆயின் திட்டக்காலம் முடிந்ததும் நிறுவனங்கள் நீங்கின. அவற்றில் பெற்ற உத்தியோகங்களும் உடன் நீங்கின. ஏன் போகிறீர்கள் என்று கேட்கும் உரிமை ஊராருக்கு இல்லை. நூற்றாண்டுக்கு முந்திய மிஷன் கொடையின் இயல்பு இங்கு புதிய வடிவிலே தோன்றிற்று.

கல்வியினுள்ளும் தனியார்துறை ஓசையின்றி நுழைந்துள்ளது. பாடசாலையில் இலவசமாகக் கற்கும் பிள்ளை, மாலையில் பணங்கொடுத்துத் தனியார் வகுப்புக்குச் செல்கின்றது. 1995இல் ஒலுவிலில் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரியோ அரச நியமனத்தையே எதிர்நோக்கிக் காத்திருக்கின்றார். 2020இற் போன்று பல்லாயிரம் பட்டதாரிகள் ஒரே தடவையில் அரச சேவைக்கு உள்வாங்கப்படுகையில், சேவையின் தேவை பின்தள்ளப்பட்டு வேலை வழங்கலே நோக்கமாகிவிடுகின்றது. உரிமையாக இருக்கவேண்டியது அரசியல்வாதியின் கொடையாகத் திரிபடைகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அரசா தனியாரா என்பது முழுமையான வினாவன்று என்பது புலனாகும். சேவையைப் பெறுவோர் அதனை உரிமையோடு கேட்கும் நிலையில் உள்ளனரா என்பது முதல் வினா. கல்வியும் சுகாதாரமும் பொதுவுடைமையாக நிலைத்தாலன்றி இதற்கு ஆமென்று விடையிறுத்தல் இயலாது. அச்சேவைகளைத் தாங்கும் உற்பத்தி எங்கே, அதன் பயன் எவர்க்கு என்பது இரண்டாவது வினா. வயலும் தறியும் கடலும் உழைப்போரின் கூட்டுறவிலும் அரசின் திட்டமிட்ட ஆதரவிலும் வளம் பெறாதவரை, பாடசாலை எத்தனை பேருக்குக் கற்பிப்பினும் அவர்கள் ஒரே அலுவலக வாயிலில் வரிசையிலே நிற்பர். காரைதீவுப் பாடசாலையின் பெயரிலுள்ள அம்மூன்றெழுத்துக்கள் நன்றியுடன் நினைக்கத்தக்கன. அங்கு பயிலும் பிள்ளைகளின் உரிமையோ அச்சங்கத்தின் கருணையிலன்றி, 1945உம் 1961உம் வென்றளித்த பொதுக்கல்வியிலேயே தங்கியுள்ளது.