உங்களுக்குத் தெரியுமா? – ஹைதராபாத்: அடுப்பும் அலமாரியும்

ஹைதராபாத்திலிருந்து சென்னை திரும்பும் ரயிலில் பாதிப் பேர் கையில் பிரியாணிப் பொட்டலம், மீதிப் பேர் கையில் பிஸ்கட் டப்பா. 2019-இல் யுனெஸ்கோ இந்த ஊரைச் சுவைக்கலைக்கான படைப்பு நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆக, வாசனைக்கு இப்போது சான்றிதழும் உண்டு. நான் தேடிப் போனது அந்த வாசனையை எழுதி வைத்தவர்களை. தேடத் தேட, பல பக்கங்கள் நம் குன்னூருக்கும் திருவில்லிபுத்தூருக்கும் சென்னைக்கும் வந்து நின்றன.

●

நிஜாமின் கொடியில் ரொட்டி இருந்தது தெரியுமா? மஞ்சள் கொடியின் நடுவில் இருந்த வெள்ளை வட்டம் குல்ச்சாதான் என்று ஹைதராபாத்காரர்கள் கதை சொல்வார்கள். முதல் நிஜாம் பசியோடு ஒரு சூஃபிப் பெரியவரிடம் போனாராம்; கொடுத்த குல்ச்சாவில் ஏழு தின்றாராம்; "உன் வம்சம் ஏழு தலைமுறை ஆளும்" என்று வாழ்த்து கிடைத்ததாம். ஊர்க் கணக்கில் நிஜாம்களும் ஏழு பேர்தான். கூச்சப்படாமல் இன்னும் இரண்டு கேட்டு வாங்கியிருக்கலாம்.

●

1591-இல் இந்த நகரத்தை உண்டாக்கிய முகம்மது குலி குதுப் ஷா ஒரு கவிஞர். தக்கனி மொழியில் அவர் எழுதிய கவிதைத் தொகுதியில் காதலும் பக்தியும் மட்டுமல்ல, மழைக்காலமும் பண்டிகைகளும் உள்ளூர்க் காய்கனிகளும் பாடுபொருள் ஆயின. காய்கறியைப் பாடிய அரசன் கட்டிய ஊர், இன்று கறிக்குப் பேர் போனது.

●

இட்லியின் வரலாறு பேசும்போதெல்லாம் 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலின் பெயர் அடிபடும். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் சுமார் 1129-இல் எழுந்தது. அரசன் அறிய வேண்டிய சகலத்தையும், யானை பிடிப்பது முதல் அரண்மனைச் சாப்பாடு வரை, சொல்லிக்கொண்டு போகும். 'இட்டரிகா' என்று ஒரு பலகாரம் அதில் வருகிறது: உளுந்தை அரைத்து, மிளகு, சீரகம், பெருங்காயம் சேர்த்துச் செய்வது. அரிசி கிடையாது. வடையும் தோசையும்கூடப் பழைய பெயர்களோடு தலை காட்டுகின்றன. வயல் எலியை வாட்டிச் சமைக்கும் முறையும் அதே நூலில், அதே அரச மரியாதையோடு இருக்கிறது. இட்லியைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் நைசாகப் புரட்டிவிடுவார்கள்.

சரி, ஹைதராபாத் எங்கே வந்தது? சோமேசுவரனின் தலைநகர் கல்யாண். இன்றைய பசவகல்யாண், பீதர் மாவட்டம். 1956-இல் மாநிலங்களைப் பிரிக்கும்வரை ஹைதராபாத் மாநிலத்துக்குள்தான் இருந்தது. அந்தக் கல்யாணை ஆண்ட நவாபுகள் பிற்காலத்தில் ஹைதராபாத்தில் ஒரு தேவ்டி, அதாவது மாளிகை, வைத்திருந்தார்கள். அங்கே வந்து போகிறவர்களுக்குப் பரிமாறியதுதான் கல்யாணி பிரியாணி என்பது ஊர் வழக்கு. மாட்டுக்கறியோ எருமைக்கறியோ சிறு சிறு துண்டாகப் போட்டு, தக்காளி சேர்த்துச் செய்வது. 'ஏழையின் பிரியாணி' என்று சொல்லி நட்சத்திர ஓட்டல்கள் ஒதுக்கினாலும், பெயரில் ஒரு சாளுக்கியத் தலைநகரையே சுமந்துகொண்டிருக்கிறது அந்தத் தட்டு.

●

ஷாஜகான் காலத்துச் சமையல் குறிப்புகள் கொண்ட 'நுஸ்கா-இ-ஷாஜஹானி' பாரசீகச் சுவடியைப் பதிப்பித்தவர்கள் யார்? டெல்லியும் இல்லை, லக்னோவும் இல்லை. சென்னையில் உள்ள அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1956-இல். புலாவு எங்கள் சொத்து என்று வடக்கே சண்டை போடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

●

ரம்ஜான் மாதத்தில் ஹைதராபாத் தெருக்களில் செங்கல் அடுப்பு கட்டி, பெரிய தேக்சாவை ஏற்றி, கோதுமையையும் கறியையும் மரக்கட்டையால் இடித்து இடித்துக் கூழாக்குவார்கள். ஹலீம். இறைச்சி உணவு ஒன்றுக்கு இந்தியாவில் முதலில் கிடைத்த புவிசார் குறியீடு இதற்குத்தான், 2010-இல்.

இதன் தாத்தா 'ஹரீஸ்'. 10ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த 'கிதாப் அல்-தபீக்' நூலில் அதற்குச் செய்முறை இருக்கிறது. நம் கைக்குக் கிடைத்திருக்கும் அரபுச் சமையல் நூல்களில் மிகப் பழையது அதுதான். ஹரீஸ் ஹைதராபாத் வந்தது ஏமன் வழியாக. நிஜாமின் படையில் சேர வந்த, ஏமனின் ஹள்ரமவுத் பகுதி அரபுகளின் குடியிருப்புதான் பார்க்கஸ். 'பாரக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் அப்படித் திரிந்தது. அந்த ஹள்ரமவுத் வழிவந்த சுல்தான் சைஃப் நவாஸ் ஜங் என்ற பிரபு, ஏழாம் நிஜாம் காலத்தில் தன் வீட்டு விருந்துகளில் ஹரீஸைப் பரிமாறிப் பரிமாறி ஊருக்கே பழக்கிவிட்டார். அதன் பிறகு ஹைதராபாத் தன் மசாலாவையும் நெய்யையும் சேர்த்துக்கொண்டது. சும்மா விடுவார்களா?

எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். 'வர்ராக்' என்றால் தாள் விற்பவர், சுவடி படியெடுப்பவர் என்று பொருள். ஹலீமின் முப்பாட்டனைத் தாளில் ஏற்றியவர் பெயரிலேயே புத்தகக் கடை இருக்கிறது.

●

அதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. புரானி ஹவேலி பக்கத்தில் 1851-இல் முன்ஷி நான் கடையைத் தொடங்கியவர், நிஜாம் அலுவலகத்தில் எழுத்தர். எழுத்தருக்கு 'முன்ஷி' என்று பெயர். பேனாவை வைத்துவிட்டுத் தந்தூருக்குப் போனார்; பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. நாலு மூலை நான் அங்கே சுடச்சுடக் கிடைத்தது.

●

ஹைதராபாத் வெளியிட்ட உணவுப் புத்தகங்களில் அதிகம் புரட்டப்பட்டது எது என்று கேட்டால், என் ஓட்டு ஒரு செய்முறைகூட இல்லாத புத்தகத்துக்கு. 'இந்திய உணவுகளின் சத்து மதிப்பு' என்பது அதன் பெயரின் பொருள். கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து, முருங்கைக்கீரையில் எவ்வளவு இரும்பு என்று எண்களாகவே ஓடும். மனையியல் படித்த அக்காக்களைக் கேளுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்திருப்பார்கள்.

அதன் பிறப்பிடம் நம் நீலகிரி. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. குன்னூரில் இருந்தபோதே, 1937-இல், அய்க்ராய்ட் தலைமையில் முதல் சத்துப் பட்டியல் வெளிவந்தது. ஹைதராபாத் போன பிறகு அதைப் புதுக்கி 1971-இல் கொண்டுவந்த குழுவின் தலைவர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்தவர், 100 வயது தாண்டி வாழ்ந்தவர். 2017 பட்டியலில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன.

குன்னூரில் மக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுவதையே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழு. மெட்ராஸ் சாப்பாட்டு எலிகள் வரிசையின் கடைசியில். தீட்டிய அரிசியை நம்பியதன் பலன். சோமேசுவரன் ஊரில் எலி தட்டில் இருந்தது. நம் ஊரில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது.

●

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கும் தார்நாகா பகுதியிலேயே இன்னொரு ஆய்வகம்: வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்று அப்போது பெயர், இப்போது இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம். 1950 முதல் சுமார் இருபது ஆண்டுகள் அங்கே எண்ணெய், கொழுப்பு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர் கே.டி. அச்சயா. 1923-இல் கொள்ளேகாலில் பிறந்தவர். அன்றைக்கு அந்த ஊர் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஓய்வுக்குப் பிறகு அவர் எழுதி 1994-இல் வெளிவந்த இந்திய உணவு வரலாறும், 1998-இல் வந்த உணவு அகராதியும் இல்லாமல் இன்று யாரும் இட்லி பற்றி நாலு வரி எழுத முடியாது, நான் உட்பட. இட்லியைப் புளிக்க வைத்து ஆவியில் வேக வைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லி, மயிலாப்பூரைக் கோபப்படுத்தியவரும் அவரே.

●

தெலுங்கு வீடுகளில் திருமணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் நீண்ட காலம் ஒரு புத்தகம் இருக்கும்: மாலதி சந்தூரின் 'வண்டலு – பிண்டிவண்டலு'. தமிழ்க் காதுக்கு ஆற்று வண்டல் போலக் கேட்கும். தெலுங்கில் வண்ட என்றால் சமையல், பிண்டிவண்ட என்றால் பலகாரம். ஹைதராபாத், விஜயவாடா, விசாகப்பட்டினம் என்று அத்தனை அடுக்களைகளையும் ஆண்ட அந்த அம்மாள் குடியிருந்தது சென்னையில்! 'ஆந்திர பிரபா' வார இதழில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். நாவலுக்காக 1992-இல் சாகித்திய அகாடமி விருது வாங்கினார். அதே சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்திருந்தது. இரண்டு மொழிகளின் இரண்டு அடுப்பு வேதங்களும் ஒரே ஊர்க்காரர்கள் எழுதியவை.

●

கோட்டியில் 1901-இல் தொடங்கிய தெலுங்கு நூலகத்துக்கு ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் என்று பெயர். உருது கோலோச்சிய நிஜாம் ஆட்சியில், விஜயநகர அரசன் பெயரில் ஒரு தெலுங்கு நூலகம். அந்த அரசன் எழுதிய 'ஆமுக்தமால்யத' நம் ஆண்டாள் கதை. அதில் பெரியாழ்வார் வீட்டு விருந்துக்குப் பருவத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பட்டியல் உண்டு. மழைக்காலத்தில் விறகு நனைந்துவிடும், ஆகவே தேங்காய்ச் சிரட்டையும் மட்டையும் எரித்துச் சமையல். சோறு, பருப்பு, தாளித்த கறிகள், வற்றல், வடகம். வெயில் காலத்தில் கரும்புச்சாறு, இளநீர், நீர்மோர். குளிர் வந்தால் மிளகுக் காரமும் கடுகுப் பச்சடியும் சூடான நெய்யும். படையெடுப்புகளுக்கு நடுவே ஒரு சக்கரவர்த்தி திருவில்லிபுத்தூர் அடுப்பின் விறகுப் பிரச்சினையை யோசித்திருக்கிறார்.

●

நமக்கும் பழைய சொல் ஒன்று இருக்கிறது. சமையல் நூலுக்கு 'மடைநூல்' என்று பெயர். மணிமேகலையில் நாடகக் கணிகையர் கற்கும் கலைகளின் பட்டியலில் வரும். சிறுபாணாற்றுப்படையோ ஒரு படி மேலே போய், நல்லியக்கோடன் பாணருக்குப் போட்ட விருந்து பீமன் எழுதிய நூலின்படி சமைத்தது என்கிறது.

●

பிரதிபா கரண் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். 1998-இல் ஹைதராபாத் சமையலுக்கு ஒரு புத்தகம், 2009-இல் பிரியாணிக்கு மட்டும் ஒரு முழுப் புத்தகம். அவருடைய முதல் புத்தகம் வந்த மறு ஆண்டே அடுத்தவர்: விமானப்படைத் தளபதியாக இருந்த இத்ரீஸ் லத்தீஃபின் மனைவி பில்கீஸ் லத்தீஃப், 1999-இல் ஆந்திர, தெலங்கானா, ஹைதராபாத் சமையலை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தார். அவருடைய தாய் பிரெஞ்சுக்காரர். கோப்புகளும் அரசு விருந்துகளும் நிறைந்த வீடுகளில் உப்பு, காரம் சரிபார்த்து எழுதப்பட்ட பக்கங்கள் இவை.

●

ஃபலக்நுமா அரண்மனையில் 101 பேர் ஒன்றாக உட்காரும் சாப்பாட்டு மேசை இருக்கிறது. சில அடி நடந்தால், செதுக்கு மரக்கூரை போட்ட நூலகம். உண்ட மயக்கத்தில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போயிருப்பார்கள்?

●

ஆபிட்ஸ் கடைவீதியில் ஓரியண்ட் ஓட்டல் என்று ஒன்று இருந்தது. இன்று இல்லை. கவிஞர்களும் இடதுசாரிகளும் ஒரு கோப்பை டீயோடு மணிக்கணக்கில் உட்காரும் இடம். மக்தூம் மொகியுத்தீன், தெலங்கானா போராட்டத் தலைவர், 'பிசாத்-எ-ரக்ஸ்' தொகுதிக்கு 1969-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றவர், அங்கே வாடிக்கை.

இரானி டீக்கடையில் உட்கார்ந்து படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சிறு அகராதி: 'பௌனா' என்றால் முக்கால் கோப்பை, டிகாக்ஷன் தூக்கலாக. 'கடே சம்ச்சே கி சாய்' என்றால் கரண்டி நட்டமாக நிற்கும் அளவுக்குச் சர்க்கரை. உஸ்மானியா பிஸ்கட், கடைசி நிஜாம் உஸ்மான் அலி கான் பெயர் தாங்கியது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே தோய்க்காதீர்கள். மூன்று நொடிக்கு மேல் தாங்காது.

●

பஞ்சாரா ஹில்ஸ் பாறைகளுக்கு நடுவே 2010-இல் திறந்த 'லாமக்கான்', பழைய வீடு ஒன்றில் நடக்கும் பொதுவெளி. நூல் வாசிப்பு, நாடகம், சண்டை, சமோசா எல்லாம் ஒரே முற்றத்தில்.

●

ஆபிட்ஸ் என்ற பெயரே ஆபிட் என்பவர் நடத்திய கடையால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஷட்டரை இறக்கியதும், நடைபாதை முழுக்கப் பழைய புத்தகங்கள் விரிந்துவிடும். சமையல் புத்தகம் வாங்குவதானால் அட்டையைப் பார்க்காதீர்கள். எண்ணெய்க் கறை எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள். முன்பு வைத்திருந்த வீட்டார் எதைச் செய்து சாப்பிட்டார்கள் என்று தெரிந்துவிடும். நான் பேரம் பேசி வாங்கிய ஹைதராபாத் சமையல் நூலில், மஞ்சளும் எண்ணெயும் ஏறித் தாளே கண்ணாடி மாதிரி ஆகிக் கிடந்தது 'கட்டி தால்' பக்கம்: புளி கரைத்த சாதாரணப் பருப்பு. பிரியாணிப் பக்கம் மடிப்புக் கலையாமல் புத்தம் புதிதாக இருந்தது.