சோற்றுக்கற்றாழை

சோற்றுக்கற்றாழை என்பது சதைப்பற்றுள்ள மடல்களைத் தரையையொட்டி, ரோசா இதழ்களைப்போல் சுற்றடுக்காக விடும் செடி. இதன் தாவரவியல் பெயர் அலோ வேரா. 'வேரா' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'உண்மையான' என்று பொருள். 1753-இல் லின்னேயஸ் இதை வேறொரு கற்றாழையின் வகையாகவே குறித்தார். 1768-இல் நிக்கோலாஸ் பர்மன் தமது 'ஃபுளோரா இண்டிகா' நூலில் தனிச் சிற்றினமாக்கினார். அதே ஆண்டில் பிலிப் மில்லர் இட்ட 'அலோ பார்படென்சிஸ்' என்ற பெயர் இன்றும் களிம்பு அட்டைகளில் காணப்படுகிறது. இரண்டும் ஒரே செடிதான்.

குழப்பம் தமிழ்ப் பெயரில்தான். அரக்கோணம் போன்ற ரயில் ஊர்களில் 'கற்றாழை கொண்டு வா' என்றால், மாணவர்களில் சிலர் ஆனைக்கற்றாழை மடலோடு வந்து நிற்பார்கள். ரயில் பாதையோரம் வேலியாக நடப்பட்டதால் அதற்கு ரயில் கற்றாழை என்றும் பெயர். அது அகேவ் அமெரிக்கானா, மெக்சிகோ பகுதியைச் சேர்ந்தது, குடும்பமே வேறு. சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் வழவழப்பான 'சோறு' வரும். ஆனைக்கற்றாழையில் கயிறு திரிக்கும் நார்தான் இருக்கும். மடல் நுனியில் ஊசிபோல் முள்ளும் உண்டு. முன்னது ஆண்டுதோறும் பூக்கும். பின்னது பல ஆண்டுகள் கழித்துக் கம்பம்போல் உயர்ந்து ஒரே முறை பூத்துப் பட்டுப்போகும்.

பெயரை நம்பி ஆனைக்கற்றாழைச் சாற்றைத் தோலில் தடவக் கூடாது. அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். சோற்றுக்கற்றாழையிலும் தோலடியில் வடியும் மஞ்சள் பாலை நீக்கி, சோற்றை நன்கு கழுவ வேண்டும். காய்ந்தால் கரியபோளமாகும் அந்தப் பால் கடும் பேதி மருந்து.