படகை இழுத்த பீப்பாய்

பழவேற்காடு ஏரியை நம்பியிருக்கும் ஆரம்பாக்கம் பக்கத்து மீனவர்களுக்கு முகத்துவாரம்தான் பெரிய கவலை. மணல் மூடிவிட்டால் கடல்நீர் உள்ளே வராது. அதோடு வரவேண்டிய இறால் குஞ்சும் வராது. குறுகலான ஒரு வாய் வழியே இரு நீர்நிலைகள் தண்ணீரைக் கொடுத்து வாங்குவது எப்படி? இதை அளந்து பார்த்தவர்களில் ஒருவர் போர்த் தளபதி.

ரஷ்யக் கடற்படையின் ஸ்தெபான் மக்காரோவ், 1878 ஜனவரியில் பாதூம் துறைமுகத்தில் டார்பிடோ ஏவித் துருக்கிக் கப்பல் ஒன்றை மூழ்கடித்துப் பெயர் வாங்கியவர். எனக்கோ அதற்குப் பிறகு அவர் செய்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது.

1881-ல் 'தமான்' கப்பலின் தலைவராக இஸ்தான்புல் சென்றார். அங்கே போஸ்பரஸ் நீரிணையில் மேல்நீர் கருங்கடலிலிருந்து தெற்கே, மத்தியதரைக்கடல் பக்கம் ஓடுகிறது. அடியில் எதிர்நீரோட்டம் உண்டு என்பதை இத்தாலியரான மார்சிலி இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே எழுதியிருந்தாலும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். மக்காரோவ் ஒரு பீப்பாயில் பாரம் ஏற்றி, படகோடு கட்டி, ஆழத்தில் இறக்கினார். மேல்நீரை எதிர்த்துப் படகு வடக்கே நகர்ந்தது! பிறகு தானே ஒரு கருவி செய்து, ஆழம் ஆழமாக வேகத்தையும் உப்பையும் அளந்து, 1885-ல் நூலாக வெளியிட்டார்.

காரணம் உப்புதான். கருங்கடலின் மேல்நீரில் லிட்டருக்குச் சுமார் 18 கிராம் உப்பு, மத்தியதரைக்கடலில் 38. கனத்த உப்புநீர் அடியில் நுழைய, ஆறுகள் நிறைத்த லேசான நீர் மேலே வழிந்து வெளியேறுகிறது.

ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, 1904 ஏப்ரல் 13 அன்று, போர்ட் ஆர்தர் அருகே ஜப்பானியக் கண்ணிவெடியில் அவருடைய கப்பல் சிக்கியது. மக்காரோவும் மாண்டார். எதிரி நாட்டுக் கவிஞர் இஷிகாவா தகுபோகு அவருக்கு இரங்கற்பா எழுதினார்.

பழவேற்காட்டில், போஸ்பரஸைப் போல உப்புநீர் அடியிலும் லேசான நீர் மேலுமாக அடுக்கு நிலைப்பது கடினம். போஸ்பரஸ் பல பத்து மீட்டர் ஆழம். இந்த ஏரியோ பெரும்பாலும் இடுப்பளவுதான், காற்றடித்தாலே மேலும் கீழும் கலந்துவிடும். அதனால் அங்கே ஒரே நேரத்தில் நடக்கும் பரிமாற்றம், இங்கே, மீனவர்கள் முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு முறைபோல மாறி மாறி நடக்கிறது: ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே, வற்றத்தில் ஏரிநீர் வெளியே. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் பெருகும்போது உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் வாய் அடைந்து வெயிலில் நீர் சுண்டினால், ஏரியின் சில பகுதிகள் கடலைவிடவும் கரிக்கும்.