கொழும்பில் தங்கிவிட்ட இங்கிலாந்துச் சட்டம்

ஒத்த பாலினத்தவரை நேசிக்கும் இயல்பாகிய தன்பாலீர்ப்பு மேலைநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்ற கருத்து தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலரிடம் வேரூன்றியிருக்கிறதெனினும், இலங்கைக்குக் கடல்கடந்து வந்தது அந்த இயல்பைத் தண்டிக்கும் சட்டமே என்பதை வரலாறு காட்டுகிறது.

அச்சட்டம் பிறந்த இங்கிலாந்தில், ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு 1533ஆம் ஆண்டிலேயே மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஆயினும் 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் இத்தகைய ஆண்கள் கூடிக் குடித்து, ஆடிப்பாடி, ஒருவரையொருவர் பெண்பெயரால் அழைத்து மகிழ்ந்த ‘மொல்லி வீடுகள்’ இயங்கின. ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கத்தார் உளவாளிகளை அனுப்பித் தகவல் திரட்டிய பின்னர், மார்கரெட் கிளாப் என்ற பெண் ஹோல்போர்னில் நடத்திவந்த வீடு 1726 பெப்ரவரியில் முற்றுகையிடப்பட்டு ஏறத்தாழ 40 பேர் கைதாயினர். அதே ஆண்டு மே மாதம் தைபர்ன் தூக்குமேடையில் உயிரிழந்த மூவரில் ஒருவர் பால் விற்பவர், ஒருவர் இருக்கைகளுக்கு மெத்தை தைப்பவர், மற்றவர் கம்பளி சீவுபவர். உழைத்துப் பிழைத்த எளிய மனிதர்களின் உலகமாகவே அது இருந்தது.

மரணதண்டனை 1861இல் நீங்கியபோதும் குற்றம் நீங்கவில்லை. பிரித்தானியர் ஆட்சியின்கீழ், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைப் பின்பற்றி, ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவைத் தண்டிக்கும் 365ஆம் பிரிவு 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இடம்பெற்றது. பின்னர் சேர்ந்த 365அ பிரிவு, ஆண்களுக்கிடையிலான வேறு நெருக்கங்களையும் குற்றமாக்கியது. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. இலங்கையோ 1995இல் ‘ஆண்’ என்றிருந்த சொல்லை ‘ஆள்’ என மாற்றிப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. சீர்திருத்தம் என்ற பெயரில் நிகழ்ந்த இவ்விரிவாக்கம் பெரும் அநீதியாகும்.

இத்தனைக்கும் கொழும்பின் பண்பாட்டில் தன்பாலீர்ப்பாளர்களின் தடம் ஆழமானது. ஆணுடலின் அழகைத் தயக்கமின்றிப் படம்பிடித்த லயனல் வென்ட் (1900–1944), நவீன ஓவியர்களின் ‘43 குழு’ உருவாகத் துணைநின்றார். அவர் பெயரால் அமைந்த கலையரங்கு இன்றும் இயங்குகிறது. கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட ‘ஃபன்னி போய்’ நாவலில், தன்பாலீர்ப்பை உணர்ந்தறியும் ஒரு தமிழ்ச் சிறுவனின் வளர்ச்சி 1983 யூலைக் கலவரத்தோடு பிணைந்து வருவதால், வீட்டுக்குள்ளும் நாட்டுக்குள்ளும் இடம் மறுக்கப்படும் துயரம் ஒருங்கே புலப்படுகிறது. தமிழ் வாசகர்கள் இந்நூலைத் தம் வரலாற்றின் பகுதியாகவே கருத வேண்டும்.

ரொசானா பிளேமர்-கல்தேரா 2004இல் நிறுவிய ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பு உரிமைக்காகக் குரலெழுப்பி வருகிறது. அவர் செய்த முறைப்பாட்டை ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்ச ஒழிப்புக் குழு, தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டம் அவரது உரிமைகளை மீறுவதாக 2022இல் கண்டறிந்தது. அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த, இக்குற்றத்தை நீக்கக் கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்ததால், அதனை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாயிற்று. ஆயினும் அது நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. இச்சட்டத்தை நீக்கக் கைதூக்குவீர்களா என்று கொழும்புத் தமிழ் வாக்காளர்கள் தம் பிரதிநிதிகளிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.