மெம்கேஷ்டு

மெம்கேஷ்டு என்பது பல வழங்கிகளில் பயன்படாமல் எஞ்சியுள்ள நினைவகத்தை ஒன்றுதிரட்டி, பதுக்கு நினைவகமாகப் பயன்படுத்த உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். 2003 ஆம் ஆண்டு பிராட் பிட்ஸ்பாட்ரிக் என்பவர் லைவ்ஜர்னல் வலைத்தளத்துக்காக இதனை உருவாக்கினார். விக்கிமீடியா வழங்கிகளும் இதனைப் பயன்படுத்துகின்றன.

செயற்படும் முறை

தரவுத்தளத்திலிருந்து ஒருமுறை பெறப்பட்ட விடை, திறவுகோல் எனப்படும் ஒரு பெயருடன் நினைவகத்தில் இடப்படுகிறது. மீண்டும் அதே பெயர் கேட்கப்படும்போது தரவுத்தளத்தை நாடவேண்டியதில்லை. எப்பெயர் எந்த வழங்கியில் உள்ளது என்பதைக் கேட்கும் நிரலே கணித்துக்கொள்கிறது. வழங்கிகள் ஒன்றையொன்று அறியா. இடம் நிரம்பினால், நெடுநேரம் கேட்கப்படாதவை நீக்கப்படும். மின்சாரம் நின்றால் அனைத்தும் அழிந்துவிடும். மூலம் தரவுத்தளத்தில் இருப்பதால் இழப்பு இல்லை. எனினும் நினைவகம் மீண்டும் நிரம்பும் வரை தளம் மெதுவாகவே இயங்கும்.

பழைய படிகள்

நிறுவுவது எளிது, பழைய படிகளை உரிய நேரத்தில் நீக்குவதே கடினம். எடுத்துக்காட்டாக, சவ்வாது மலையை ஒட்டிய ஆலங்காயம் பேரூராட்சி, 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஊர் விவரங்கள் தரும் ஒரு தளம் தரவுத்தளத்தை மட்டும் திருத்தி, நினைவகப் படியை நீக்காவிடின், படிப்பவர் வேலூர் என்றே காண்பார். ஆகவே திருத்தும் நிரலே பழைய படியையும் நீக்குமாறு எழுதப்படவேண்டும். படிகளுக்குக் காலாவதி நேரமும் குறிக்கலாம். ஆனால் அந்நேரம் வரும் வரை பிழை நீடிக்கும்.