முகவரி சொல்லும் சுவர்கள்

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில், துரைப்பாக்கத்தின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி உள்ளே திரும்பினால் கண்ணகி நகர். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் ஓவியங்கள். சிரிக்கும் பிள்ளைகள், உழைக்கும் பெண்கள், மாடி உயரத்துக்கு மனித முகங்கள். கீழே துணி காய்கிறது, தண்ணீர்க் குடங்கள் வரிசையில் நிற்கின்றன, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெருநகர சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்து, ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் இந்த வேலையைத் தொடங்கின. உள்ளூர் ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் சாரம் கட்டி ஏறி வரைந்தார்கள். அதன்பிறகு பலர் கேமராவோடு கண்ணகி நகரைத் தேடி வரத் தொடங்கினார்கள். அதுவரை அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த நகரம் இது.

அந்தச் சுளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 2000-ஆம் ஆண்டிலிருந்து கூவம் கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம், கடற்கரைக் குப்பங்கள் என நகரின் நடுவில் வாழ்ந்த குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து விடப்பட்டன. அவர்களில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டிய வீடுகள் பல 200 சதுர அடிக்கும் குறைவு. வீட்டு வேலை, சுமை தூக்கும் வேலை, துப்புரவு வேலை, கூடை வியாபாரம் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. உழைத்தவர்களை மட்டும் பல கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். பஸ் கட்டணத்துக்கே கூலியில் பாதி போன வீடுகள் உண்டு. பள்ளிக்கூடம் தூரமானதால் படிப்பை விட்ட பிள்ளைகளும் உண்டு.

நகரத்தைக் கட்டியவர்களை நகரத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு, 'குற்றவாளிகள் ஏரியா' என்ற பட்டத்தையும் அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள் கண்ணகி நகர் என்று எழுதத் தயங்கி, துரைப்பாக்கம் என்று எழுதுவது வழக்கமானது. இதில் எங்களைப் போன்ற செய்தித்தாள்களுக்கும் பங்கு உண்டு. திருட்டு என்றால் தலைப்பில் கண்ணகி நகர் வரும். அங்கே ஒரு பெண் பட்டம் வாங்கினால் ஊர்ப் பெயர் வராது. இதை நாம் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ஆகவே சுவரில் ஒரு சேரிப் பிள்ளையின் முகம் நான்கு ஆள் உயரத்தில் சிரிப்பது சின்ன விஷயம் அல்ல. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி இந்தக் குடியிருப்பின் பெண். தமிழ்நாடே அவரைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று அழைத்தது. மறைத்து எழுதப்பட்ட முகவரி, ஒரு வீராங்கனையின் பெயருக்கு முன்னால் அடைமொழியாக நின்றது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சுவரில் எதை வரைய வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்?

இதே கேள்விக்கு 1967-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கறுப்பின மக்கள் ஒரு விடை சொன்னார்கள். நகரின் தெற்குப் பகுதியில் அவர்கள் நெருங்கி வாழ்ந்த இடத்தில், 43-ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் முனையில், பாழடைந்த கட்டடம் ஒன்று இருந்தது. கறுப்பின ஓவியர்களின் குழு ஒன்று அந்தச் சுவரில் தம் மக்களின் நாயகர்களை வரைந்தது. மால்கம் எக்ஸ், குத்துச்சண்டை வீரர் முகமது அலி, பாடகி நினா சிமோன், கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ், அறிஞர் டு போய்ஸ் என்று பல முகங்கள். யாரை வரைவது என்பதில் அந்தத் தெரு மக்களின் பேச்சுக்கும் இடம் இருந்தது. உலகமே கொண்டாடிய மார்ட்டின் லூதர் கிங்குக்குக்கூட அந்தச் சுவரில் இடம் தரவில்லை. சரியோ தவறோ, அது அவர்களே எடுத்த முடிவு. அதற்கு 'மரியாதைச் சுவர்' என்று பெயர் வைத்தார்கள். சுவருக்கு முன்னால் கவிதை வாசித்தார்கள், இசை வாசித்தார்கள்.

1971-இல் அந்தக் கட்டடம் தீப்பிடித்தது. பிறகு அதை இடித்துவிட்டார்கள். ஆனால் அதைப் பார்த்து அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பின மக்கள் தங்கள் தெருச் சுவர்களில் வரையத் தொடங்கியிருந்தார்கள். இன்று 'சமுதாயச் சுவரோவியம்' என்று சொல்லப்படுவதற்கு அந்த ஒரு சுவர்தான் முன்னோடி.

சென்னையின் வரலாற்றிலும் வரைவதற்கு முகங்கள் ஏராளம். 1893-இல் 'பறையன்' என்று தலைநிமிர்ந்து பெயர் வைத்து இதழ் நடத்திய இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார். 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்ட அயோத்திதாசப் பண்டிதர் இருக்கிறார். எம்.சி.ராஜா, அன்னை மீனாம்பாள் சிவராஜ் இருக்கிறார்கள். குடிசைகளில் பிறந்த கானாப் பாட்டு, வடசென்னையின் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் எல்லாம் இருக்கின்றன. அத்தோடு, எந்தக் கரையிலிருந்து எந்த நாளில் லாரியில் ஏற்றப்பட்டோம் என்ற நினைவும் இருக்கிறது. அதுவும் ஒரு சுவரில் ஏற வேண்டும். வண்ணம் அழகுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், உள்ளே ஒழுகும் கூரையையும் குடிநீருக்கான வரிசையையும் அது வெளியாருக்கு மறைத்துவிடும். ஓவியம் வந்துவிட்டது என்பதற்காகப் பட்டா, பள்ளிக்கூடம், மருத்துவமனை கேட்பதை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

கிராமத்து வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? சுவர் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மதுரை மாவட்டத்து உத்தப்புரம். 1989-இல் ஊரையும் சேரியையும் பிரிக்க எழுந்த சுவர், பெரும் போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று ஒரு பகுதி இடிக்கப்பட்டது. பிரிப்பதற்கென்றே சுவர் எழுப்பிய மண்ணில், நம் சுவரில் நம் கதையை எழுதுவது நம் உரிமை. அம்பேத்கர் படத்தை நீல வண்ணத்தில் வரைந்துவைக்கும் ஊர்கள் இதை ஏற்கெனவே தொடங்கிவிட்டன. அதன் பக்கத்தில் உங்கள் ஊரின் ஆட்களும் வரலாமே. பொதுக் கிணற்றில் முதலில் தண்ணீர் எடுத்தவர், முதல் பட்டதாரி, கூலி உயர்வு கேட்டு நின்ற பெண்கள், பறை அடிக்க மறுத்த தாத்தா, பறையைக் கலையாக மேடை ஏற்றிய பேரன்.

செலவு அதிகம் பிடிக்காது. பிளக்ஸ் பேனர் வந்தபின் வேலை இழந்த சுவரெழுத்து ஓவியர் ஒருவர் உங்கள் பக்கத்து ஊரிலேயே இருப்பார். சிறிய படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாக்கி வரையும் முறை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சமுதாயக் கூடமோ நூலகமோ, சுவர் யாருடையதோ அவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். யாரை வரைவது என்பதை, பெண்களும் உட்காரும் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் உங்கள் தெருவின் மூத்த பாட்டியிடம் உட்காருங்கள். இந்தத் தெரு எப்படி வந்தது, முன்பு எங்கே இருந்தோம், யார் முதலில் எதிர்த்துப் பேசினார் என்று கேட்டு, ஒரு நோட்டில் பெயர், ஆண்டோடு எழுதி வையுங்கள். சுவர் பிறகு கிடைக்கும். பாட்டி போய்விட்டால் கேட்க ஆள் கிடைக்காது.