லாஸ்கரின் பழைய கவசம்

மல்லாவிப் பிள்ளைகள் பள்ளி விறாந்தையிற் சதுரங்கம் ஆடுவதை நாம் கண்டிருக்கிறோம். எடுத்த எடுப்பிலேயே அரசியை வெளியே கொணர்ந்து, நாலே நகர்த்தலில் எதிரியை மடக்கிவிட வேண்டுமென்பதே பலருக்கும் ஆசை. அவர்கள் பலகையில் வைத்துப் பார்க்கத்தக்க ஆட்டம் ஒன்றுண்டு.

2010ஆம் ஆண்டு பல்கேரியத் தலைநகர் சோபியாவில் உலகப் பட்டப் போட்டி நடந்தது. பட்டத்துக்குரியவர் மயிலாடுதுறையிற் பிறந்த விசுவநாதன் ஆனந்த். எதிர்த்தவர் அந்நாட்டவரான வெசெலின் தோபலோவ். ஐசுலாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுவிட, ஆனந்த் ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் தரைவழியே பிரயாணஞ் செய்தார். முதலாட்டத்திலே தோல்வி! ஆயினும் 11 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமநிலையில் நின்றனர்.

மே 11ஆந் திகதி கடைசி ஆட்டம். ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். தோபலோவ் அரசிப் பக்கத்துக் காலாள் ஒன்றைப் பலியாக நீட்டினார். ஆனந்த் அதனை உடனே கொள்ளவில்லை. ஏழாம் நகர்த்தலிலே குதிரையை நடுப்பலகைக்குப் பாய்ச்சினார். இதுவே லாஸ்கர் தற்காப்பு. 1894 முதல் 1921 வரை, 27 ஆண்டுகள் பட்டத்தை விடாது வைத்திருந்த ஜெர்மானியரான இமானுவேல் லாஸ்கரின் பெயரால் வழங்குவது. இதன் சூட்சுமம் எளிது. இடம் போதாத வீட்டிற் சிலர் வெளியேறினால் மற்றவர் மூச்சு விடலாமல்லவா? அவ்வாறே மந்திரிக்கு மந்திரி, குதிரைக்குக் குதிரை என மாற்றிக்கொண்டு கறுப்பு நெருக்கடியைத் தீர்த்துக்கொள்கிறது. பார்ப்பவருக்குச் சுவையற்ற முறைதான், ஆனால் உறுதியானது.

இவ்வாட்டமும் சமநிலையில் முடிந்திருந்தால் விரைவாட்டங்களே தீர்ப்புச் சொல்லும். அவற்றிலே ஆனந்த் மகா வல்லவர். அது தோபலோவ் அறியாததன்று. ஆகவே அவர் வெற்றியை இங்கேயே தேடினார் என்பது எமது எண்ணம்.

31ஆம் நகர்த்தலில் அவர் ஒரு காலாளை வெட்டினார். ஆனந்த் மற்றொரு காலாளை முன்னே தள்ளினார். அதையும் வெட்டினாரே, அங்கேதான் விபரீதம்! மூலையிலே பதுங்கியிருந்த கறுப்பு மந்திரிக்கு நீண்ட சாய்வழி திறந்துவிட்டது. அவ்வழியிலே கறுப்பு அரசி முன்வந்து முற்றுகையிட்டாள். வெள்ளை அரசன் காவலின்றிப் பலகையின் ஓரத்துக்கு ஓடி, அங்கிருந்தும் ஒரு கட்டம் முன்னேறி வெளியிலே அகப்பட்டுக்கொண்டான். இருவரும் 56 முறை நகர்த்தியபின் தோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். புள்ளிகள் 6½க்கு 5½. பட்டம் ஆனந்திடமே தங்கியது.